அமெரிக்காவில் கை உடைந்தால் அம்பத்தூரில் வேலை

கல்யாண வீட்டில் "பொண்ணு என்ன வேலை பார்க்குறா?" என்று யாராவது கேட்பார்கள். "மெடிக்கல் கோடிங்" என்று பதில் வரும். "ஓ, கம்ப்யூட்டர் சயின்ஸா?" என்று அடுத்த கேள்வி. இல்லை, பயோடெக்னாலஜி. அல்லது நர்சிங், பார்மசி, விலங்கியல், மைக்ரோபயாலஜி. அதற்கு மேல் விளக்குவதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

'கோடிங்' என்ற சொல்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். புரோகிராம் எழுதும் கோடிங்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு என்ன ஆயிற்று, டாக்டர் என்ன செய்தார் என்பதைப் படித்து, அதை எண்களாகவும் எழுத்துகளாகவும் மாற்றிக் கொடுப்பதே மெடிக்கல் கோடிங். அந்த எண்களை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும், அல்லது மறுக்கும். மருத்துவத் துறையில் தகவல் தொழில்நுட்பம் என்றதும் ரோபோ அறுவை சிகிச்சை, எக்ஸ்ரே படிக்கும் செயற்கை நுண்ணறிவு என்று நம் கற்பனை ஓடுகிறது. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய அளவில் சோறு போட்ட இடம் பில் போடும் இடம்தான்.

ஓர் உதாரணத்தோடு பார்த்தால் எளிதாகப் புரியும். ஓஹையோவில் ஒருவர் வீட்டு வாசலில் உறைந்துகிடந்த பனியில் வழுக்கி விழுகிறார். வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். டாக்டர் எழுதிய குறிப்பு, பெரும்பாலும் அன்றிரவோ மறுநாளோ, சென்னையில் ஒருவரின் திரையில் திறக்கிறது. தொழிலில் இதற்கு 'சார்ட்' என்று பெயர். முறிவுக்கு எஸ்52.501ஏ. இதில் 501 என்றால் வலது கை; இடது கையாக இருந்தால் 502. கடைசியில் உள்ள 'ஏ', இந்த முறிவுக்கு இப்போதுதான் சிகிச்சை நடக்கிறது என்பதைச் சொல்கிறது. எலும்பு கூடி வரும்போது அவர் திரும்பக் காட்ட வந்தால் அந்த இடத்தில் 'டி' வரும். பனியில் விழுந்ததற்குத் தனியாக டபிள்யூ00.0எக்ஸ்எக்ஸ்ஏ. இவையெல்லாம் நோய்க்கான எண்கள்.

அப்புறம் சிகிச்சைக்கான எண்கள். எலும்பை இழுத்துச் சரிசெய்யாமல் அப்படியே சிகிச்சை கொடுத்தால் 25600. இழுத்து நேராக்கிக் கட்டினால் 25605. இரண்டுக்கும் தொகை வேறு. டாக்டர் இழுத்து நேராக்கியிருக்கலாம். ஆனால் குறிப்பில் எழுத மறந்திருந்தால், கோடர் தானாக ஊகித்து 25605 போடக் கூடாது. மருத்துவர் எழுதாதது நடக்காதது. பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

இந்த நோய்க் குறியீட்டுப் பட்டியலில் வேடிக்கைகளும் உண்டு. வாத்து மோதிக் காயம் பட்டால் அதற்கு ஒரு கோட் இருக்கிறது. வாத்து கடித்தால் வேறு கோட். ஜெட் என்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டவருக்கு ஒரு கோட் இருப்பது கூடப் பரவாயில்லை. அதே ஆள் திரும்பவும் டாக்டரைப் பார்க்க வந்தால் போடவேண்டிய 'மறுவருகை' கோடும் இருக்கிறது. பிழைத்து வந்தவரைக் கைகுலுக்கிப் பாராட்டலாம், கோட் எதற்கு என்று தோன்றும். நல்ல பாம்பு விஷத்துக்கும் தனி எண் உண்டு. அமெரிக்கக் காட்டில் நல்ல பாம்பு கிடையாது என்பதால் அதைப் போட்ட கோடரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்தப் பட்டியல் பணத்துக்காகப் பிறந்ததில்லை என்பதுதான் விசேஷம். பாரிஸ் நகரப் புள்ளியியல் துறைத் தலைவர் ஜாக் பெர்ட்டியோன் 1893இல் சிகாகோவில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் கூட்டத்தில் ஒரு பட்டியலை வைத்தார். மக்கள் எதனால் சாகிறார்கள் என்று எல்லா நாடுகளும் ஒரே மாதிரி கணக்கெடுப்பதற்கான பட்டியல் அது. குற்றவாளிகளை உடல் அளவுகளைக் கொண்டு அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்த அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன் இவருடைய தம்பி. அண்ணன் சாவை வகைப்படுத்தினார், தம்பி ஆளை வகைப்படுத்தினார். 1948இல் இந்தப் பட்டியல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தது. அப்போதுதான் சாவோடு நோய்களும் முறையாக அதில் சேர்ந்தன. காலராவில் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ண உண்டான கருவியை, எந்த பில்லுக்கு எவ்வளவு டாலர் என்று தீர்மானிக்கும் கருவியாக மாற்றியது அமெரிக்கா.

ஏன் அமெரிக்கா? இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அங்கே சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆட்களைப் பிடிக்கச் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்று முதலாளிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். வரிச்சலுகையும் சேர்ந்ததால் அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. 1965இல் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்று அரசுத் திட்டங்கள் வந்தன. ஆக, பணம் கொடுப்பவர் ஒருவரல்ல, பலர். ஒவ்வொருவருக்கும் தனி விதி, தனி விலை, தனி விண்ணப்பம். 1983இல் மெடிகேர், மருத்துவமனை செலவழித்த தொகையைத் திருப்பித் தரும் பழைய முறையை விட்டது. நோய்வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்தது. என் பார்வையில் இந்தத் தொழிலின் உண்மையான பிறந்த வருடம் அதுதான். நோயாளியின் கோப்பில் எந்த எண் எழுதப்படுகிறது என்பது அன்றிலிருந்து நேரடியாக வருமானம் ஆயிற்று. டாக்டரின் கையெழுத்துக்கு நிகராக கோடர் போடும் எண்ணுக்கும் மதிப்பு வந்தது.

இந்தக் காகித வேலைக்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சம் இல்லை. ஹிம்மல்ஸ்டைன், உல்ஹேண்ட்லர் முதலானோர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017இல் அமெரிக்க மருத்துவச் செலவில் 34.2 சதவீதம் நிர்வாகத்துக்கே போயிற்று. கனடாவில் அது 17 சதவீதம். இந்த ஆய்வாளர்கள் அரசே ஒற்றைக் காப்பீட்டாளராக இருக்கவேண்டும் என்று நீண்ட காலமாக வாதிடுபவர்கள். அதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணை எடைபோட வேண்டும். பாதி தள்ளுபடி செய்து பார்த்தாலும் மிரட்டும் தொகை. அதில் ஒரு துளி கடல் கடந்து சிந்தினாலே சென்னையில் பல மாடிக் கட்டடங்கள் எழும்.

முதலில் சிந்தியது குரல். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க டாக்டர் சாயங்காலம் தன் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வார். அது இணையம் வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வரும். இங்கே காதில் ஹெட்போன் மாட்டியவர்கள் அதைத் தட்டச்சு செய்வார்கள். டாக்டர் காலையில் எழுந்து வரும்போது அச்சுக்குத் தயாராக இருக்கும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று தெருவுக்குத் தெரு பயிற்சி மையங்கள் முளைத்த காலம் அது. பூமி சுற்றுவதையே தொழில் மூலதனமாக்கியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

அதன் பின்னால் பில் போடும் வேலை முழுக்க வந்தது. தொழிலுக்குள் இதை ஆர்.சி.எம். என்பார்கள், அதாவது மருத்துவமனையின் வருவாய்ச் சுழற்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சார்ஜ் என்ட்ரி (கட்டணத்தைப் பதிவது), கோடிங், பேமென்ட் போஸ்டிங் (வந்த பணத்தை வரவு வைப்பது), டினையல் (மறுக்கப்பட்டதைப் பார்ப்பது), ஏ.ஆர். காலிங் (வராத பணத்தைப் போனில் கேட்பது) என்று அதில் பல படிகள். கிளெய்ம் எனப்படும் காப்பீட்டு விண்ணப்பம் மின்னணு வடிவில் ஒரே தரத்தில் போகவேண்டும் என்று 1996இல் வந்த ஹிப்பா சட்டம் சொன்னது. நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் விதிகளுக்கும் அதே சட்டம்தான் அடிப்படை. கோடிங் நடக்கும் தளத்துக்குள் பல கம்பெனிகளில் கைபேசி கிடையாது, பேனா பேப்பர் கூடக் கிடையாது. உள்ளே போகும்போது பையையும் போனையும் லாக்கரில் வைத்துவிட்டுப் போகவேண்டும்.

கோடர்கள் பெரும்பாலும் பகலில் வேலை பார்க்கலாம். கோப்பு எப்போது திறந்தாலும் ஒன்றுதான். ஏ.ஆர். காலர்களின் பாடுதான் இரவுப் பாடு. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை, அங்கே குளிர்காலமானால் ஏழரை. அந்த நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, "இந்த கிளெய்மை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று விசாரிப்பதே அவர்கள் வேலை. எதிர்முனையில் இயந்திரக் குரல் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று சுற்றவிட்டு, கடைசியில் ஒரு மனிதர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

2015 அக்டோபர் 1 இந்தத் துறையின் தீபாவளி. அமெரிக்கா அன்றுதான் நோய்க் குறியீட்டின் ஒன்பதாம் திருத்தத்தை விட்டுப் பத்தாம் திருத்தத்துக்கு மாறியது. சுமார் 14,000 நோய்க் குறியீடுகள் இருந்த இடத்தில் சுமார் 68,000. உலகச் சுகாதார நிறுவனம் அந்தப் பத்தாம் திருத்தத்தை 1990இலேயே ஏற்றுவிட்டது. அமெரிக்கா 2013 என்றது, பிறகு 2014 என்றது, கடைசியில் 2015. ஒத்திப்போடும் ஒவ்வொரு முறையும் இங்கே பயிற்சி கொடுத்தவர்கள் திரும்பப் பயிற்சி கொடுத்தார்கள். குறியீடு ஐந்து மடங்கு ஆனால் உடற்கூறு தெரிந்தவர்களின் தேவை கூடத்தானே செய்யும். தமிழ்நாட்டில் அறிவியல் பட்டதாரிகளுக்குப் பஞ்சமா என்ன? பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஆய்வகமும் கிடைக்காமல், பி.எட். படிக்கவும் மனமில்லாமல் நின்றவர்களுக்கு இது ஒரு கதவு. ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.பி.சி. என்ற கோடர் சான்றிதழ் தேர்வுக்கு அவர்கள் குறியீட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போகிறார்கள். நான்கு மணி நேரம், நூறு கேள்வி, புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். புத்தகத்தைத் திறந்து எழுதும் தேர்வு சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். தேடுவதற்குள் நேரம் போய்விடும்.

பெரிய ஐ.டி. கம்பெனிகளும் இதை விடவில்லை. 1994இல் சென்னையில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் உள் பிரிவாகத் தொடங்கிய காக்னிசன்ட், 2014இல் டிரைசெட்டோ என்ற அமெரிக்க நிறுவனத்தை 270 கோடி டாலருக்கு வாங்கியது. டிரைசெட்டோ செய்தது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் மருத்துவமனைகளும் கிளெய்ம் பார்ப்பதற்கான மென்பொருள். மருந்தோ மருத்துவக் கருவியோ இல்லை. பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்க்கும் கருவி.

சரி, மருத்துவமனைக்குள் கணினி வந்ததால் டாக்டருக்கு வேலை குறைந்ததா? 2009இல் ஒபாமா அரசு மின்னணு நோயாளிக் கோப்புகளை வாங்க மருத்துவமனைகளுக்குக் கோடிக்கணக்கில் ஊக்கத்தொகை அறிவித்தது. 2008இல் பத்தில் ஒரு மருத்துவமனையிடம் கூட ஒழுங்கான மின்னணுக் கோப்பு முறை இல்லை. ஏழெட்டு வருடத்தில் ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளிலும் வந்துவிட்டது. இதைச் சாதனை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் 2016இல் வந்த ஓர் ஆய்வு, டாக்டர் ஒரு மணி நேரம் நோயாளி முகத்தைப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியையும் மேசை வேலையையும் பார்க்கிறார் என்றது. காரணம் எளிது. அந்த மென்பொருளைப் பல இடங்களில் வாங்கியதும் வடிவமைத்ததும் பில்லை மனத்தில் வைத்து. இந்தப் பரிசோதனைக்குப் பணம் வரவேண்டுமானால் இன்னின்ன பெட்டியை நிரப்பு என்று திரை கேட்கும், டாக்டர் நிரப்புவார். அடுத்த டாக்டருக்குத் தேவையான ஒற்றை வரி அந்தப் பெட்டிகளின் குவியலில் எங்கோ கிடக்கும்.

இப்போது இரண்டு பக்கமும் இயந்திரம் நிற்கிறது. மருத்துவமனைப் பக்கம் அதிகப் பணம் வரும் எண்ணைத் தேடும் மென்பொருள், காப்பீட்டுப் பக்கம் மறுக்கக் காரணம் தேடும் மென்பொருள். 2023 மார்ச்சில் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் சிக்னா காப்பீட்டு நிறுவனத்தைப் பற்றி எழுதியது. 2022இல் இரண்டே மாதத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கிளெய்ம்களை அதன் டாக்டர்கள் நிராகரித்தார்கள். ஒன்றுக்குச் சராசரியாக 1.2 விநாடி. கணினி ஒதுக்கிக் கொடுத்த கட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்ட வேகம் அது. செய்தி திரித்துச் சொல்கிறது, சுலபமான கிளெய்ம்களுக்கு விரைந்து பணம் தருவதற்கான ஏற்பாடுதான் இது என்று சிக்னா மறுத்தது. எது எப்படியோ, 1.2 விநாடியில் நிராகரிக்கப்பட்ட ஒன்றைத் திரும்ப வாங்க இங்கிருந்து ஒருவர் அரை மணி நேரம் போனில் காத்திருப்பார். நிராகரிப்பு கூடக் கூட இங்கே ஆள் தேவையும் கூடியது. அங்கே ஒரு குடும்பத்துக்கு வந்த தலைவலி இங்கே ஒரு குடும்பத்தின் வீட்டு லோன் தவணையாகிறது என்பதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பது 2024 பிப்ரவரி 21இல் தெரிந்தது. மருத்துவமனைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவே கிளெய்ம்களை வாங்கிப் பிரித்து அனுப்பும் தபால் நிலையம் போன்ற நிறுவனங்களைக் கிளியரிங்ஹவுஸ் என்பார்கள். அவற்றில் அப்போது மிகப் பெரியது சேஞ்ச் ஹெல்த்கேர், வருடத்துக்கு 1,500 கோடிப் பரிமாற்றங்கள். யுனைடெட்ஹெல்த் குழுமம் 2022இல் அதை வாங்கியிருந்தது. திருட்டுக் கடவுச்சொல்லோடு ஒரு கும்பல் உள்ளே நுழைந்தது. அந்த வாசலில் ஓ.டி.பி. போன்ற இரண்டாவது பூட்டு எதுவும் இல்லை. நம் ஊரில் நூறு ரூபாய் அனுப்பவே பின் நம்பர் கேட்கிறது! எல்லாம் நின்றுபோயிற்று. மருந்துக் கடைகளில் காப்பீடு வேலை செய்யவில்லை. சிறிய கிளினிக்குகள் வாரக்கணக்கில் வருமானமில்லாமல் தவித்தன. அந்தக் கும்பலுக்கு மீட்புத்தொகையாக 2.2 கோடி டாலர் கொடுத்ததை யுனைடெட்ஹெல்த் தலைவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தகவல் கசிந்தவர்கள் சுமார் 19 கோடிப் பேர், அதாவது அந்த நாட்டில் பாதிக்கும் மேல்.

இங்கே வேலை பார்ப்பவர்களின் கவலை வேறு. டிரான்ஸ்கிரிப்ஷன் தொழில் என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் வந்தது. தட்டச்சு செய்தவர்கள் முதலில் திருத்துபவர்கள் ஆனார்கள், பிறகு திருத்துபவர்களும் குறைந்தார்கள். அந்த மென்பொருளில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்து 2022இல் வாங்கி முடித்தது. டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பைத் தானே எழுதும் வசதி இன்று விற்பனைக்கு இருக்கிறது. கோடிங்கிலும் எக்ஸ்ரே அறிக்கை போன்று ஒரே வார்ப்பில் வரும் கோப்புகளை மனிதக் கை படாமலே இயந்திரம் முடிக்கத் தொடங்கிவிட்டது. சிக்கலான அறுவை சிகிச்சை, பல நாள் உள்நோயாளிக் கோப்பு, மறுக்கப்பட்ட கிளெய்முக்கு மேல்முறையீடு ஆகியவற்றுக்கு இன்னும் ஆள் வேண்டும். புதிதாகச் சேரும் பட்டதாரி பழகுவது எளிய கோப்புகளில்தான் என்பது என் கவலை. ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு, மேலே ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தால் யார் ஏறுவது?

இதற்கு நடுவே, இந்த இயந்திரம் மெல்ல நம் வீட்டு வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் நோயாளியின் கோப்பு என்பது இன்னமும் பெரும்பாலும் ஜவுளிக்கடைப் பையில் மடித்து வைத்த ரிப்போர்ட்டுகளும் எக்ஸ்ரே உறையும்தான். பணம் கையிலிருந்து போனவரைக்கும் குறியீடு தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, பிறகு அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் ரூபாய் என்று வந்து அதனோடு இணைந்தது. சிகிச்சைகள் 'பேக்கேஜ்' என்று எண் போட்டுப் பட்டியலாகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் நிர்ணயித்த தொகை. அமெரிக்கா 1983இல் ஏறிய படி இதுதான், கொஞ்சம் வேறு உருவத்தில்.

பெட்டியை நிரப்பும் வியாதியும் கூடவே வந்திருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி. 2023இல் கண்டுபிடித்தது இது: 7,49,820 பயனாளிகளுக்கு ஒரே கைபேசி எண் பதிவாகியிருந்தது, பத்து இலக்கமும் ஒன்பது. மோசடி என்று செய்தித்தாள்கள் எழுதின. அதில் மோசடி எவ்வளவோ, எனக்குத் தெரிந்த வரை கணினி முன்னால் உட்கார்ந்தவர் செய்யக்கூடியது இதுதான். வரிசை நீள்கிறது, பாட்டியிடம் போன் இல்லை, எண் போடாமல் திரை நகராது. விரலை ஒன்பதின் மேல் வைத்து அழுத்துவார்.

தனியார் காப்பீட்டில், 'கேஷ்லெஸ்' அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும் டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் உத்தரவிட்டது. கிளெய்ம்கள் எல்லாம் ஒரே வழியில் போய்வர ஒரு தேசியப் பரிமாற்றத் தளமும் அமைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கிளியரிங்ஹவுஸைப் போலத் தனியார் ஒருவர் கையில் சிக்காமல் பொதுவில் இருப்பது நல்ல ஏற்பாடு. அந்த வாசலுக்கு இரண்டாவது பூட்டு இருக்கும் என்று நம்புவோம். இதோடு நோயாளியின் பழைய கோப்புகளை இணைக்க 14 இலக்க ஆபா எண். ஜவுளிக்கடைப் பையின் இடத்தை அது பிடிக்குமா என்பது, டாக்டருக்கு வேண்டிய அந்த ஒற்றை வரி அதில் சுலபமாகக் கண்ணில் படுமா என்பதைப் பொறுத்தது.

எந்தப் பெரிய தனியார் மருத்துவமனையிலும் தரைத்தளத்தில் 'இன்சூரன்ஸ் டெஸ்க்' என்று ஒரு பலகை இருக்கும். காலையிலேயே டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருப்பார்; சாயங்காலம் வரை அப்ரூவலுக்காகக் குடும்பம் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெண் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டும், போனில் "மேடம், டிஸ்சார்ஜ் சம்மரி திரும்ப அனுப்பிட்டோம், கொயரி போட்டிருக்கீங்க" என்று கெஞ்சிக்கொண்டும் இருப்பார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பயோடெக்னாலஜி என்பார்.